வரிசையில் பதினோராவது மலை

மதியம் ஒன்று பத்து. வடிவமைப்புக் கூடத்தில் ஒரு மனிதர்கூட இல்லை. ஒன்பது முகங்கள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தன.

எல்லாம் ஃப்ளெக்ஸ் முகங்கள். காந்திபுரத்தில் பிறந்தநாள் பேனர் அடிக்கும் கடையில் அச்சடித்து, கழுத்தோடு வெட்டி, நாற்காலியின் தலைப்பக்கம் கிளிப் போட்டு மாட்டியவை. ஒவ்வொரு முகத்துக்கும் எதிரே ஒரு சின்ன மேசை விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. முகம் லேசாக ஆடினால்தான் கணினியின் கேமரா அதை உயிருள்ள ஆள் என்று நம்பும். ஆள் இருப்பதாக நம்பும்வரை மென்பொருளை ஓட்டும் லைசென்ஸைப் பறிக்காது.

அந்த முகங்களின் நடுவே மதிவதனி கைபேசியோடு நின்றாள். நிறுவனத்தில் அவளுடைய பதவியின் பெயர் மென்பொருள் உரிம நிர்வாகி. கூடத்தில் லைசென்ஸ் பொண்ணு என்பார்கள். இயற்பியல் படித்தவள். இரண்டு வருடமாக அவள் செய்துவந்த இயற்பியல், ஒன்பது லைசென்ஸை இருபத்தாறு பேருக்குப் பங்குவைப்பது.

திரையில் காத்திருப்போர் வரிசை தெரிந்தது. பதினோராவது இடத்தில் அரக்கொம்பை என்று இருந்தது. அது ஆளின் பெயரல்ல, மலையின் பெயர். பன்னிரண்டு மணிக்கு நான்காவதாக இருந்தது. மூன்று பேர் அவசரம் என்று குறித்து முன்னால் ஏறினார்கள். பின்னாலேயே இன்னும் நான்கு பேர். மலைக்கு அவசரம் என்று குறிக்கும் பொத்தான் கிடையாது.

கைபேசி அதிர்ந்தது.

"என்னா தங்கச்சி, மோட்டார் சத்தமே காணோம்?"

செபமாலை. அரக்கொம்பைத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் முதல் வீடு அவளுடையது. சரிவின் மோட்டார் அறைக்கு நிறுவனம் வைத்திருந்த காவலாள். மதிவதனி அவளை நேரில் பார்த்ததில்லை. மழைக்காலம் தொடங்கிய நாளிலிருந்து தினமும் பேசுகிறார்கள்.

"மழை எப்படிக்கா இருக்குது?"

"வானம் ஒடஞ்சு ஊத்துது. கால்வாயில தண்ணி செகப்பா வருது. காலையில தெளிஞ்சுதான் வந்துச்சு."

சிவப்புத் தண்ணீர் என்றால் மண் கரைகிறது.

அரக்கொம்பைச் சரிவுக்குள் முப்பது மீட்டர் ஆழத்துக்கு நாற்பத்திரண்டு எஃகுக் கம்பிகள் இறங்கியிருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு மோட்டார். மண் நனைய நனைய எந்தக் கம்பியை எவ்வளவு இழுப்பது, எதை விட்டுக்கொடுப்பது என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கணக்குப் போட்டாக வேண்டும். ஒன்றைத் தப்பாக இழுத்தால் பக்கத்துக் கம்பி அறுந்துவிடும். கணக்குப் போடும் மென்பொருளுக்கு ஏதோ ஒரு வெளிநாட்டுப் பெயர். அலுவலகத்தில் அதை மலைக்கணக்கு என்றார்கள். மலையடிவாரத்தில் இருக்கும் பெட்டி கணக்கைப் போடும். ஆனால் ஒவ்வொரு முறையும் கோயம்புத்தூரில் இருக்கும் சர்வரிடம் ஒரு லைசென்ஸ் கேட்டு வாங்கிக்கொண்டுதான் போடும். கிடைக்காவிட்டால் கம்பிகள் கடைசியாகச் சொன்னபடியே பிடித்துக்கொண்டு நிற்கும். கடைசியாகச் சொன்னது பதினொன்றே முக்காலுக்கு. அப்போது அங்கே தூறல்.

கம்பிகளுக்குக் கீழே அறுபத்து நான்கு வீடுகள்.

"வரிசையில இருக்குதுக்கா. வந்துரும்."

"வரிசையா? மழை என்ன வரிசையிலயா வருது?"

"மொத்தமே ஒம்பது லைசென்ஸ்தான்கா. ஏழு மலைக்கும் அதேதான், இங்க புதுசா டிசைன் பண்றவங்களுக்கும் அதேதான். பஸ்ஸுல துண்டு போட்டு எடம் புடிப்பாங்கல்ல, அந்த மாதிரி புடிச்சு வெச்சுட்டுச் சாப்பிடப் போயிட்டாங்க."

"துண்டத் தூக்கிக் கடாசிட்டு உக்கார வேண்டியதுதானே?"

"எனக்கு அந்த பவர் இல்லீங்க்கா."

இருந்தது. போன வருடம்வரை இருந்தது. ஒரு நாள் இப்படித்தான், யாரும் இல்லாத நாற்காலி ஒன்றிலிருந்து அவள் லைசென்ஸைப் பிடுங்கினாள். அந்தக் கணினியில் நான்கு நாளாக ஓடிக்கொண்டிருந்த கணக்கு பாதியில் செத்துப்போனது. ஒரு டெண்டர் கைவிட்டுப் போனது. அதன் பிறகு பிடுங்குவதற்குப் படிவம் வந்தது. படிவத்துக்கு மூன்று கையெழுத்து. மூவரும் ஒரே நாளில் அலுவலகத்தில் இருந்து அவள் பார்த்ததில்லை.

"வீட்டுல இருக்கறவங்களக் கொஞ்சம் வெளிய வரச் சொல்லுங்க்கா."

"இந்த மழையில எங்க வர்றது? கீழ ரோட்டுல மரம் விழுந்து கெடக்கு. மேல போனா மலை. நீ மோட்டார ஓட விடு தங்கச்சி, அது போதும்."

அவள் உணவுக்கூடத்துக்கு ஓடினாள்.

வடிவமைப்பாளர்கள் நீண்ட மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். லோகநாதன் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துத் தயிர்சாதத்தில் மாதுளை முத்துகளைத் தேடிக்கொண்டிருந்தான். ஃப்ளெக்ஸ் முகத்தை முதலில் கண்டுபிடித்தது அவன்தான். விசிறியும் அவன் யோசனைதான்.

"லோகண்ணா, உங்க லைசென்ஸ விடுங்க. அரக்கொம்பை ஒன்றரை மணி நேரமா நிக்குது."

அவள் குரல் மேசையின் பாதித் தூரத்துக்குத்தான் போனது. லோகநாதன் காதைத் திருப்பினான்.

"எது நிக்குது?"

"மலைங்கண்ணா. கணக்கு போட முடியாம நிக்குது."

"மலை நிக்கத்தானே செய்யும்? நடந்து போனாத்தான் பயப்படோணும்," என்றான் மேசைக் கோடியில் ஒருவன். சிரித்தார்கள்.

"நடந்து போயிரும்னுதான் சொல்றேன்," என்றாள் மதிவதனி.

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. லோகநாதன் கரண்டியை வைத்தான். அவன் கெட்டவன் இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அந்த மேசையில் கெட்டவர் என்று சொல்ல ஒருவர்கூட இல்லை.

"இத பாரு மதி. மாசம் நூத்தி அறுவது மணி நேரம் லைசென்ஸ் என் கையில இருந்துச்சுன்னு காட்டுனாத்தான் எனக்கு அப்ரைசல். வேலை முடிஞ்சுதா இல்லியான்னு எவனும் கேக்கறதில்ல. போன மாசம் நல்ல புள்ளையா விட்டுக் குடுத்தேன். நூத்தி நாப்பதுதான் வந்துச்சு. உங்க ரிப்போர்ட்டுதான் என்னை வெச்சுச் செஞ்சுது."

அவளுடைய ரிப்போர்ட்தான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் தயாரிப்பது. யார் எவ்வளவு நேரம் வைத்திருந்தார்கள் என்று அதில் இருக்கும். எதற்கு வைத்திருந்தார்கள் என்பதற்குக் கட்டம் இல்லை.

"அறுவத்தி நாலு வீடுண்ணா."

லோகநாதன் கைபேசியை எடுத்துத் தட்டினான். "விட்டாச்சு. போதுமா? போய் உன் மலையக் கட்டு."

அவள் திரையைப் பார்த்தாள். லைசென்ஸ் ஒரு நொடிகூடக் காலியாக இருக்கவில்லை. வரிசையில் முதலில் நின்ற யாரோ எடுத்துக்கொண்டார்கள். யாரோ என்ன, இதே மேசையில் உட்கார்ந்து அப்பளம் உடைத்துக்கொண்டிருந்தவர்தான். அவருடைய கணினி அவருக்காக நின்று எடுத்துக்கொண்டது. அரக்கொம்பை பத்தாவதாக வந்தது.

"இன்னும் ஒம்பது பேரு முன்னால இருக்காங்கண்ணா."

"அப்புறம் என்னை மட்டும் எதுக்கு விடச் சொன்னே?" என்றான் லோகநாதன். அவனுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "என்ற நூத்தி அறுவது போச்சு."

கூடத்தில் இருக்கும் ஒன்பது முகங்களையும் கிழித்துப் போட்டாலும் மலைக்கு ஒன்றும் கிடைக்காது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒன்பதும் முன்னால் நிற்கும் ஒன்பது பேருக்குப் போகும்.

மேலாளர் குழந்தைவேலுவின் அறைக் கதவு மூடியிருந்தது. அவள் தட்டாமல் திறந்தாள். வாழ்நாளில் முதல்முறையாகத் தட்டாமல் திறந்த கதவு.

உள்ளே மூன்று பேர். மென்பொருளை விற்ற நிறுவனத்திலிருந்து இருவர் தணிக்கைக்கு வந்திருந்தார்கள். மேசையில் முந்திரி இருந்தது.

"அம்மிணி, கதவத் தட்டீட்டு வரோணும்," என்றார் குழந்தைவேலு. குரல் மெதுவாகத்தான் இருந்தது. வந்தவர்கள் முன்னால் அவர் எப்போதும் மெதுவாகப் பேசுவார்.

"சார், அரக்கொம்பை வரிசையில மாட்டிக்கிச்சுங்க. அங்க பயங்கர மழை. ஒரே ஒரு லைசென்ஸ் மலைக்குன்னு தனியா ஒதுக்கணும். இப்பவே."

"தனியாத்தானே இருந்துச்சு? மலைக்கு ஒண்ணுன்னு ஏழு இருந்துச்சு. ஏழும் வருசத்துல நூத்துக்குப் பதினோரு பங்கு நேரந்தான் வேலை செஞ்சுதுன்னு ரிப்போர்ட் குடுத்தது யாரு? நீதான். அதுக்கப்புறந்தானே எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டோம்."

"மழை பேயற நேரந்தானுங்க சார் அந்தப் பதினோரு பங்கு. எல்லா மலைக்கும் ஒரே நேரத்துல பேயும்."

தணிக்கைக்கு வந்தவர்களில் கண்ணாடி போட்டவர் பரிவோடு தலையசைத்தார்.

"உங்க கவலை புரியுது மேடம். இதுக்குன்னே எங்ககிட்ட அவசரத் திட்டம் ஒண்ணு இருக்கு. போர்ட்டல்ல ஒரு கோரிக்கை போட்டுடுங்க. மூணு வேலை நாள்ல ஆள் கூப்பிடுவாங்க."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைங்க."

"அப்ப புதன்கிழமை," என்றார் அவர். கிண்டல் செய்யவில்லை. கணக்குப் பார்த்துச் சொன்னார்.

மதிவதனி அவரைப் பார்த்தாள். அவர் முந்திரி ஒன்றை எடுத்தார். கத்த வேண்டும் என்றிருந்தது. தொண்டை வழக்கம்போல அடைத்துக்கொண்டது.

"படிவத்தக் கொண்டா அம்மிணி, நான் கையெழுத்துப் போடறேன்," என்றார் குழந்தைவேலு. "மத்த ரெண்டு பேரு சென்னையில இருக்காங்க. வந்தவுடனே வாங்கிக்கலாம்."

அவள் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள்.

நடைபாதைக் கடைசியில் சர்வர் அறை. லைசென்ஸ் சர்வர் என்பது செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. பின்னால் ஒரு பச்சை விளக்கு. ஏழு மலைகளும் இருபத்தாறு பேரும் கை நீட்டி நிற்பது இந்தப் பெட்டியின் முன்னால்தான்.

அதன் கையேட்டை முழுதாகப் படித்த ஒரே ஆள் அந்த அலுவலகத்தில் அவள்தான். முன்னூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு பத்தி இருந்தது. சர்வர் பழுதாகிவிட்டால், அல்லது இணைப்பு அறுந்துவிட்டால், மென்பொருள் யாரையும் கேட்காமல் நான்கு மணி நேரம் வேலை செய்யும். சலுகை நேரம் என்று பெயர். எல்லாருக்கும் உண்டு, வரிசையில் நிற்பவர்களுக்கும்.

படித்த அன்று அவளுக்கு அது விநோதமாக இருந்தது. இப்போது விளங்கியது. சர்வர் செத்தால் அது விற்றவர்களின் குற்றம், வழக்கு வரும். அதனால் கருணை காட்டுகிறார்கள். சர்வர் நன்றாக இருந்து வரிசை நீண்டால் அது வாங்கியவர்களின் குற்றம். அதற்குக் கருணை கிடையாது. நல்ல பெட்டி மலையைக் கொல்லும். செத்த பெட்டி காப்பாற்றும்.

வேண்டுமென்றே சர்வரை நிறுத்துவது ஒப்பந்த மீறல். அதுவும் அந்தக் கையேட்டில்தான் இருந்தது, முன்னூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தில்.

ஒன்று ஐம்பதுக்கு அவள் மின்கம்பியை உருவினாள். பச்சை விளக்கு அணைந்தது.

கூடத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஒன்பது முகங்களும் விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டேயிருந்தன.

கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு சர்வர் அறைத் தரையில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் மழைச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

"தங்கச்சி," என்றாள் செபமாலை. "ஓடுது. எல்லாம் ஒண்ணா ஓடுது. ஆத்தாடி, மலையே மொனகுது."

"பயப்படாதீங்க்கா. இழுத்துப் புடிக்குது."

"எந்தப் புண்ணியவான் விட்டுக் குடுத்தான்?"

மதிவதனிக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. "யாரும் விட்டுக் குடுக்கலீங்க்கா."

ஐந்து நாற்பதுக்கு, சலுகை நேரம் தீரப் பத்து நிமிடம் இருக்கும்போது, கம்பியைத் திரும்பச் செருகினாள். மழை குறைந்திருந்தது. கூடத்தில் பாதிப்பேர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அரக்கொம்பை வரிசையில் நிற்க வேண்டியிருக்கவில்லை. ஒரு வீட்டின் ஓடுகூட நகரவில்லை.

திங்கட்கிழமை காலை குழந்தைவேலு அவளைக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன.

"கேமராவுல பாத்தேன். நீதான் உள்ள போனே, நீதான் வெளிய வந்தே. வெறும் ஒப்பந்த மீறல்னு நெனைக்காத அம்மிணி. பதிப்புரிமைச் சட்டத்துல ஜெயிலு. கம்பெனியையும் இழுத்துப் போடுவாங்க."

"மலை நின்னுதுங்க சார்."

"நின்னுது. நான் இல்லைங்கலை." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதனாலதான் கரண்ட் கட்டுன்னு எழுதியிருக்கேன். வெள்ளிக்கிழமை நாலு மணி நேரம் சர்வருக்குக் கரண்ட் இல்ல. நீ சொந்தக் காரணத்துக்காக வேலைய விட்டுப் போறே. இந்த ரெண்டாவது தாள்ல, லைசென்ஸ் இல்லாம மென்பொருள ஓட்டறதுக்கு யாருக்கும் வழி சொல்ல மாட்டேன்னு எழுதியிருக்குது. மீறுனா அவங்க கேஸ் போடுவாங்க. போட்டா நான் உனக்குச் சாட்சிக்கு வர முடியாது. கையெழுத்துப் போட்டுட்டு நிம்மதியாப் போ."

அவள் இரண்டிலும் கையெழுத்துப் போட்டாள். அதைச் செய்ததற்காகப் பிறகு பல நாள் தன் கையையே வெறுத்தாள்.

மேசையின் ஓரத்தில் அவளுடைய வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் கிடந்தது. யாரும் தொடாமலேயே தானாக ஓடும்படி அவள் எழுதிவைத்திருந்தாள், தானாக ஓடியிருந்தது. மலைகளின் பெயருக்கு நேரே மழையின் அளவு. அதற்குப் பக்கத்தில் எடுத்த லைசென்ஸ். அரக்கொம்பை, மதியம் இரண்டு முதல் ஐந்தரை வரை: இந்த ஆண்டின் அதிக மழை. எடுத்த லைசென்ஸ்: சைபர்.

அதன் கீழே யாரோ நீல மையில் எழுதியிருந்தார்கள். இயக்குநர் கையெழுத்து. 'இவ்வளவு மழையிலும் நான்கு மணி நேரம் லைசென்ஸ் இல்லாமலே நின்றிருக்கிறது. பிறகு எதற்கு? அடுத்த புதுப்பித்தலில் ஒன்பதை ஆறாக்கவும். அரக்கொம்பைக்கு வரிசையில் கடைசி இடம்.'

அவள் இரண்டு முறை படித்தாள்.

"சார், இது பொய்ங்க. சர்வர் இல்லாதப்ப சலுகையில ஓடுச்சு. நாப்பத்திரெண்டு மோட்டாரும் ஓடுச்சு. ரிப்போர்ட்டுக்கு அது தெரியாது."

"எனக்குத் தெரியும்."

"அப்ப சொல்லுங்க சார்."

"எப்படிச் சொல்றது? சலுகையில ஓடுச்சுன்னு சொன்னா, அத ஏன் முன்னாடியே சொல்லலீன்னு தோண்டுவாங்க. தோண்டுனா கரண்டு போகலீன்னு தெரியும். யாரு உருவுனான்னு தெரியும்." அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "உன்னக் காப்பாத்தத்தானே இத எழுதுனேன்?"

அவளைக் காப்பாற்ற எழுதிய பொய் அறுபத்து நான்கு வீடுகளின் மேல் உட்கார்ந்துகொண்டது. அவள் அந்த அறையை விட்டு வெளியே வந்தபோது லோகநாதன் எதிரே வந்தான். "என்ன மதி, வேலைய விடறயாமா? கல்யாணமா?" என்றான். அவன் பின்னால், கூடத்தில், வேலை நேரத்திலேயே இரண்டு ஃப்ளெக்ஸ் முகங்கள் ஆடிக்கொண்டிருந்தன.

பேருந்து நிறுத்தத்தில் நின்று செபமாலையைக் கூப்பிட்டாள். வியாழக்கிழமை மறுபடி கனமழை என்று அறிவித்திருந்தார்கள்.

"அக்கா, வியாழக்கிழமைக்குள்ள எல்லாரும் வேற எங்கயாவது போயிருங்க."

"எங்க தங்கச்சி போறது? பள்ளிக்கூடத்துல வந்து படுங்கன்னு நேத்து தாசில்தார் கூப்பிட்டாரு. யாரும் வர மாட்டேன்னுட்டாங்க. அதான் அன்னிக்கு அத்தன மழையிலயும் ஒண்ணும் ஆவலையேங்குறாங்க."

மதிவதனி கண்ணை மூடிக்கொண்டாள். இயக்குநர் எழுதிய அதே வாக்கியம். மலைக்குக் கீழே இருப்பவர்களும் அதையேதான் சொல்கிறார்கள்.

கையெழுத்துப் போட்ட மை காய்ந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"மோட்டார் ரூமுல பெட்டிக்குப் பின்னால இன்டர்நெட் வயர் நீலமா ஒண்ணு இருக்குதுங்களா?"

"இருக்கு."

"நல்லா மழை புடிச்சவுடனே அத உருவிருங்க. உருவுனா நாலு மணி நேரம் மோட்டார் தானா ஓடும், யாரையும் கேக்காது. நாலு மணி நேரம் ஆகறதுக்குள்ள திருப்பிச் செருகி ஒரு நிமிஷம் விட்டுட்டு, மறுபடி உருவுங்க, புதுசா நாலு மணி நேரம் கெடைக்கும். மழை நிக்கற வரைக்கும்."

செபமாலை அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

"இது தப்பா தங்கச்சி?"

"தப்புதானுங்க்கா. யார்கிட்டயும் நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

அந்த மழைக்காலம் முழுக்க செபமாலை அதைச் செய்தாள். அலாரம் வைத்துக்கொண்டு எழுந்தாள். தான் போக முடியாத நாளில் பக்கத்து வீட்டு அந்தோணியம்மாளை அனுப்பினாள். நவம்பரில் மூன்று பெருமழை, டிசம்பரில் ஒன்று. மலை முனகிக்கொண்டு நின்றது. கோயம்புத்தூரில் ஆறு லைசென்ஸுக்கு இருபத்தாறு பேர் அடித்துக்கொண்டார்கள். அரக்கொம்பைக்கு நேரே வாராவாரம் ஒரே வரி: தொடர்பில்லை, எடுத்த லைசென்ஸ், சைபர். மலையில் மழை பெய்தால் தொடர்பு அறுவது சகஜம். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மதிவதனிக்குச் சூலூரில் ஒரு பாலிடெக்னிக்கில் இயற்பியல் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. ஜனவரியில் ஒரு நாள் காலை, மாணவர்கள் சுருள்வில்லில் எடைகளைத் தொங்கவிட்டு நீளத்தை அளந்துகொண்டிருந்தபோது கைபேசி அடித்தது.

"தங்கச்சி, லாரி வந்திருக்கு."

"எந்த லாரி?"

"உங்க கம்பெனி லாரிதான். கிரேன் வச்சது. நாப்பத்திரெண்டு மோட்டாரையும் கழட்டிக்கிட்டுப் போறாங்களாம். வேற ஏதோ மலைக்கு வேணுமாம். இங்க மாசக்கணக்கா ஓடவே இல்லையாம், சும்மா கெடக்காம்."

"ஓடுச்சுன்னு சொன்னீங்களா?"

"சொல்லாம? தொண்டத்தண்ணி வத்தச் சொன்னோம். மோட்டாரத் தொட்டுப் பாருடா, தேஞ்சிருக்கான்னு பாருடான்னோம். அந்த ஆபீசர் தம்பி ஒரு பேப்பர நீட்டுறான். இதுல சைபர்னு இருக்கு பாருங்கங்குறான். நாங்க சொல்றத எழுதிக்க அவன்கிட்ட எடமில்லையாம்."

"அக்கா, அவங்கள விடாதீங்க. குறுக்க நில்லுங்க. நான் பஸ் புடிச்சு வர்றேன்."

"நாங்க நின்னாச்சு தங்கச்சி. அறுவத்தி நாலு வீட்டு சனமும் ரோட்டுல உக்காந்துட்டோம். போலீசும் வந்தாச்சு. அந்த எஸ்.ஐ. அம்மா நல்ல மாதிரிதான், என்னா விசயம்னு கேக்குறாங்க. எங்களுக்குத்தான் சொல்லத் தெரியல. மலை விழலன்னா மோட்டார் ஓடுச்சுன்னு அர்த்தம்ங்குறோம். மலை விழலன்னா மோட்டார் வேணாம்னு அர்த்தம்ங்குறான் அவன். நீ சொல்லு. ஸ்பீக்கர்ல போடுறேன்."

"அக்கா, நான்..."

செபமாலையின் குரல் தணிந்தது. "ஒன் பேரச் சொல்ல வேணாம்னா விட்டுரு. நான்தான் உருவுனேன்னு சொல்லிக்கிறேன். என்னைய எவன் என்னா பண்ணுவான்?"

மதிவதனிக்கு அந்த இரண்டாவது தாள் நினைவு வந்தது. அதில் தன் கையெழுத்து. வழி சொல்ல மாட்டேன். மீறினால் வழக்கு. சாட்சிக்கு ஒருவரும் வரமாட்டார். பிறகு நீல மையில் எழுதிய அந்த இரண்டு வரி. முந்திரி தின்றபடி புதன்கிழமை என்று சொன்ன வாய். இரண்டு வருடமாக வெள்ளிக்கிழமை தோறும் அவள் பெயரில் போன பட்டியல்கள்.

தொண்டையை அடைத்துக்கொண்டிருந்தது பயம் என்றே அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அது கோபம்.

"போடுங்க்கா," என்றாள்.

மழையில்லாத மலைக்காற்று காதில் இரைந்தது. நிறையப் பேர் பேசும் சத்தம், ஒரு குழந்தையின் அழுகை, கிரேன் இன்ஜின். பிறகு ஒரு பெண் குரல்: "யாரும்மா பேசறது?"

"என் பேரு மதிவதனி. அந்தக் கம்பெனியில லைசென்ஸ் பாத்துக்கிட்டிருந்தேன்."

"ஒண்ணும் கேக்கலம்மா. இன்ஜின் சத்தம்."

அவள் எழுந்து நின்றாள்.

"என் பேரு மதிவதனி! அந்த பேப்பர்ல இருக்கற சைபர் பொய்ங்க! மோட்டார் ஓடுச்சு, மழைக்காலம் பூரா ஓடுச்சு! லைசென்ஸ் இல்லாம ஓட்டறதுக்கு வழி சொல்லிக் குடுத்தது நான்தான்! எழுதிக்கோங்க!"

சுருள்வில்லில் ஆடிக்கொண்டிருந்த எடைகளை விட்டுவிட்டு, ஆய்வகத்தில் முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் யாரோ கிரேன் இன்ஜினை நிறுத்தினார்கள்.

"இப்ப கேக்குது," என்றது அந்தக் குரல். "மொதல்லேருந்து சொல்லும்மா."